ஆர்ல், தென் பிரான்ஸ்: 38 டிகிரி வெயிலில் ஒரு நாள். எதை எந்த மணிக்குப் பார்ப்பது?

ரோன்கரையான்

கோடை விடுமுறைக்குத் தென் பிரான்ஸ் பக்கம் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, ஆர்ல் ஊருக்கு ஒரு நாள் போதுமா என்று. போதும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால் எதை எந்த மணிக்குப் பார்ப்பது என்று முன்னாலேயே யோசித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அரை நாள் மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெளியூர்க் கூட்டம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறது. பதினோரு மணி ரயிலில் வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டு, ரெண்டு மணிக்கு அரேனா என்கிற ரோமானிய வட்டரங்குக்குள் நுழைந்து, நாலு மணிக்கு வாடி வதங்கி, அஞ்சு மணி ரயிலில் திரும்பிவிடுகிறது. ஊர் சோம்பல் முறித்து எழுந்திருப்பதே அதற்கப்புறம்தான்.

நான் வீட்டுக்காரியோடு போன அன்று 38 டிகிரி. சென்னை வெயிலே பார்த்தவனுக்கு 38 எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஈரப்பதம் குறைவான வெயில் அது. வியர்ப்பதே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும், அதனால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது, கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பிக்கும். கட்டடமெல்லாம் வெளிறிய சுண்ணாம்புக்கல், சூடு மேலிருந்து மட்டுமில்லை, பக்கவாட்டிலும் கீழிருந்தும் வரும்.

இன்னொன்று நிறையப் பேர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கோடையில் பிரான்சில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பதால் ஜூலையில் ஆர்லில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றே முக்கால் மணி வாக்கில்தான். அப்படியானால் சூடு உச்சத்தைத் தொடுவது நாலிலிருந்து ஆறுக்குள். ‘நாலு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் சுற்றலாம்’ என்ற நம்ம கணக்கு அங்கே பலிக்காது. அதற்கு ஈடாக, சூரியன் மறைய ராத்திரி ஒன்பது மணி தாண்டிவிடும், அது வரைக்கும் நல்ல வெளிச்சம்.

நாங்கள் செய்தது இதுதான். காலையில் கதவு திறந்ததும் அரேனா. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, 136 மீட்டர் நீளம், அடுக்குக்கு 60 வளைவு என்று ரெண்டு அடுக்கு, ஏறத்தாழ 20,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம். உள்ளே பார்வையாளர் படிகளில் நிழல் என்று ஒரு கையளவு கூடக் கிடையாது, ஆனால் சுற்றி வருகிற வளைவுத் தாழ்வாரம் முழுக்க நிழல், காலையில் ரோன் ஆற்றுக்காற்றும் வரும். ரோமானியர் காலம் போனதும் இதையே கோட்டையாக்கிக் குடியேறிவிட்டார்கள், 200-க்கும் மேல் வீடு, ரெண்டு சிற்றாலயம் என்று உள்ளேயே ஒரு ஊர் இருந்திருக்கிறது. 1825 வாக்கில்தான் வீடுகளை எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் காவல் கோபுரங்களில் மூன்று இன்னும் நிற்கின்றன, ஒன்றில் ஏறினால் ஓட்டுக்கூரைகளும் அதற்கப்பால் ஆறும் தெரியும். ஏறுவதாக இருந்தால் பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள்.

படி ஏறும்போது சுவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கல்லில் பொடிப்பொடியாகச் சிப்பித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து ஃபோன்வியெய் குவாரிக் கல், ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. கை வைத்தால் நெல் உமி மாதிரிச் சொரசொரவென்று இருக்கும், பல இடத்தில் ஆட்கள் தொட்டுத்தொட்டே வழவழவென்று ஆகிவிட்டது.

அங்கிருந்து ரெண்டு நிமிடத்தில் ரோமானிய நாடக அரங்கு. முழுசாக மிஞ்சியது ரெண்டு தூண், ஊர்க்காரர்கள் அவற்றை ‘ரெண்டு விதவைகள்’ என்கிறார்கள். 1651-ல் இங்கே தோண்டியெடுத்த வீனஸ் சிலையைப் பதினான்காம் லூயி ராஜாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தரை மணிக்கு மேல் இங்கே நிற்க முடியாது, பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

வெயில் ஏறியதும் தரைக்குக் கீழே போய்விடுங்கள், இந்த இழையில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். நகரமன்றக் கட்டடத்துக்குள்ளிருந்து படி இறங்கினால் ரோமானியர் காலத்து நிலவறை. மேலே சந்தைவெளி கட்ட நிலம் சரிவாக இருந்ததால், மட்டமாக்க அடியில் வளைவு வளைவாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், இரட்டை வரிசையாக ‘ப’ வடிவத்தில் ஓடுகிறது. பெரிதாகச் சிற்பம், ஓவியம் எதுவும் இல்லை, மங்கலான விளக்கும் ஈரமும்தான். வெளியே கல் கொதிக்கிறபோது உள்ளே தோளில் சில்லென்று சொட்டு விழும். வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கு ரெண்டு வரிதான் கொடுப்பார்கள், காரணம் அதை எழுதியவர்கள் ஏப்ரலில் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தரை வழுக்கும், செருப்பு பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

மேலே வந்ததும் வெளியே ஓடிவிடாமல் நகரமன்றத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நடுவில் ஒரு தூண் கூட இல்லாமல் கிட்டத்தட்டத் தட்டையாகவே படுத்திருக்கிற கல் கூரை, 1670-களில் அர்துவான்-மான்சார் வடிவமைத்தது. பிரான்சில் ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்கிற கல்தச்சர்கள் இதைப் பார்க்காமல் பயணத்தை முடிக்க மாட்டார்களாம். அங்கேயும் குளிர்ச்சி, காசும் கிடையாது.

ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் என்ன செய்வது என்பதில் ஆளாளுக்கு ஒரு வழி இருக்கும், நீங்களும் சொல்லுங்கள். ஜன்னலின் வெளிப்பக்க மரக்கதவையெல்லாம் சாத்திக்கொண்டு ஊரே படுத்துவிடுகிறது, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.


பரிஸ்_பெடியன்

நல்ல பதிவு அண்ணை. ஆனால் பிள்ளைகளோட போறவைக்கு இது எவ்வளவு சரிவரும் என்று தெரியேல்லை. நாங்கள் அவின்யோனில் நின்றபடியால் ரயிலில் இருபது நிமிடம்தான், வெளிக்கிட்டுப் போய்ச்சேர பத்தரை. சின்னவன் அரேனாவுக்குள்ளே போன உடனே கிளாடியேட்டர் எங்கே என்று கேட்டான், பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்டான்.

ஊரிலேயே தங்கலாம் என்று பார்த்தால், ஜூலை முதல் கிழமையில் புகைப்படத் திருவிழா தொடங்கிற நேரம் அறை எடுக்கிறது லேசான காரியம் இல்லை. பிறகு ஒரு தடவை தங்கினோம். இடத்தின் பெயர் வேண்டாம். குளிர்சாதனம் உண்டு என்று போட்டிருந்தவை, போய்ப் பார்த்தால் மூலையில் ஒரு மேசை விசிறி. கேட்டதுக்கு, சுவர் தடிப்பமானது, பகலில் கதவைச் சாத்தி வையுங்கோ, இரவில் திறவுங்கோ என்று சொன்னார்கள். கோபம் வந்ததுதான், ஆனால் உண்மையில் பகல் முழுக்க அறை குளிர்மையாகத்தான் இருந்தது. இரவில் ஜன்னலைத் திறந்தால் நுளம்பு! கமார்க் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கு என்பதை மறந்துபோகாதேங்கோ, நுளம்புக்குப் பூசுகிற கிறீம் கட்டாயம் வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது லூமா கலைமையத்தின் கோபுரம். பிராங்க் கெரி கட்டினது, 2021-ல் திறந்தவை, 56 மீட்டர், வெளிப்பக்கம் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, ஏறக்குறைய 11,000 தகடு. பின்னேர வெயிலில் கண்ணாலே பார்க்க ஏலாது, அப்படி மின்னும். ஆனால் உள்ளே குளிர்மை, சறுக்கி விளையாட ஒரு பெரிய சுழல்குழாய் இருக்கு, எங்கடை ரெண்டும் அதை விட்டு வர மாட்டோம் என்று நின்றதுகள். சுற்றிவர இருக்கிற பூங்காவுக்குக் காசில்லை, குளமும் மரங்களும் புதிதாக வைத்தது. முந்தி அந்த இடம் ரயில் பட்டறை, வெறும் கொங்கிறீட் தரை.


ஓவியப்பித்து

லூமாவைப் பற்றிப் பேசுகிறீர்கள், வான்கோவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? ஆர்ல் என்றால் எனக்கு அவர்தான். போய் ஏமாந்து திரும்புகிறவர்களும் அவரைத் தேடிப் போகிறவர்கள்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1888 பிப்ரவரி 20-ம் தேதி வந்து இறங்கினார், அன்றைக்கு ஊரில் பனி கொட்டிக் கிடந்தது. அடுத்த வருடம் மே மாதம் கிளம்பி சாந்-ரெமி மருத்துவமனைக்குப் போய்விட்டார். இந்தப் பதினைந்து மாதத்தில் எண்ணெய் ஓவியமும் கோட்டோவியமுமாக 300-க்கு மேல் செய்திருக்கிறார். அவற்றில் ஒன்று கூட இந்த ஊருக்குச் சொந்தமில்லை. அவர் பெயரில் இருக்கிற அறக்கட்டளை எங்கிருந்தாவது இரவல் வாங்கித்தான் வைக்கும். 2024 கோடையில் ‘ரோன் மேல் விண்மீன் இரவு’ பாரிஸிலிருந்து வந்திருந்தது. போவதற்கு முன்னால் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944 குண்டுவீச்சில் போய்விட்டது. அந்த வீட்டை அவர் வரைந்த ஓவியத்தில் பின்னால் தெரிகிற உயரமான கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது, ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கும்போது லமார்தின் சதுக்கத்தில் பார்க்கலாம். ஃபோரம் சதுக்கத்தில் எல்லாரும் செல்ஃபி எடுக்கிற காபிக்கடையின் மஞ்சள் சுவர், அவர் அந்தக் கடையை வரைந்த ஓவியத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் அடித்த பெயிண்ட். ஓவியத்தில் இருக்கிற மஞ்சள், எரிவாயு விளக்கின் வெளிச்சம். விளக்கின் நிறத்தைச் சுவரில் பூசி வைத்துவிட்டு, பகல் ரெண்டு மணிக்கு மக்களை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வைக்கிறார்கள், எனக்கு இது தாங்கவில்லை.

ஆனாலும் வெயிலுக்கும் அவருக்கும் இருந்த உறவு தெரிய வேண்டும் என்றால் கோடையில்தான் போக வேண்டும். 1888 ஜூனில் க்ரோ சமவெளியில் அறுவடை நடந்தபோது வெட்டவெளியில் நின்று வரைந்திருக்கிறார். மிஸ்த்ரால் என்கிற வடகாற்று அடித்தால் படம் தாங்குகிற சட்டம் நிற்காது, அதன் கால்களுக்கு முளையடித்துக் கட்டிவிட்டு வரைவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட சம்பவம் டிசம்பரில் நடந்தது, அதற்கப்புறம் அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ முப்பது பேர் கையெழுத்துப் போட்டு ‘இந்த ஆளை அடைத்து வையுங்கள்’ என்று மனு கொடுத்தார்கள். இன்றைக்குக் காந்தப் பட்டையிலிருந்து துண்டு வரைக்கும் அவர் முகம் போட்டு விற்பதும் அதே ஊர்தான்.


ரோன்கரையான்

//எனக்கு இது தாங்கவில்லை//

கொஞ்சம் விடுங்கள், அதே சதுக்கத்தில் மிஸ்த்ரால் சிலையைப் பார்த்தீர்களா? காற்று இல்லை, கவிஞர் மிஸ்த்ரால். 1904 நோபல் பணத்தைக் கொண்டுபோய் ப்ரோவான்ஸ் மக்களின் உடை, தொட்டில், அடுப்புச் சாமான் எல்லாம் சேர்த்து வைத்த மூசெயோன் ஆர்லாத்தன் அருங்காட்சியகத்தில் போட்ட மனிதர். நாங்கள் மூன்று மணி வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்கினோம். வீட்டுக்காரிக்கு ஆர்ல் பெண்களின் அந்தக் காலத்துத் தலைமுடி ரிப்பன், தோள் சால்வை மடிப்பு எல்லாம் பார்த்து நேரம் போனதே தெரியவில்லை. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டேன், யாரும் எழுப்பவில்லை.

வான்கோ இடங்களில் எனக்குப் பிடித்தது பழைய மருத்துவமனை முற்றம். காது அறுத்துக்கொண்டு படுத்திருந்த இடம். அவர் வரைந்த மாதிரியே தோட்டத்தை மறுபடி நட்டு வைத்திருக்கிறார்கள், நுழைய டிக்கெட் இல்லை, சுற்றி வளைவுத் தாழ்வாரம், நிழல்.


சிவகங்கைச்சீமை

அரேனாவில் இன்னும் மாடு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கொல்கிறார்களா? அப்படியென்றால் நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.


ரோன்கரையான்

ரெண்டும் உண்டு, ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் அரிசித் திருவிழாவிலும் ஸ்பெயின் பாணியில் கொல்கிற விளையாட்டு நடக்கும். பிரான்சில் விலங்குவதை குற்றம்தான், ஆனால் ‘அறுபடாத உள்ளூர் வழக்கம்’ உள்ள இடங்களுக்கு 1951 சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது, அதில் இந்த வட்டாரமும் வருகிறது. உள்ளூரிலேயே அதை வெறுக்கிறவர்கள் நிறைய.

கோடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கமார்க் மாட்டோட்டம். அதில் மாட்டைக் கொல்வதில்லை, குத்துவதும் இல்லை. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் கையில் ஒரு சின்ன முள்கொக்கி வைத்துக்கொண்டு, மாட்டின் நெற்றியில் கட்டிய சிவப்பு நாடாவையும் கொம்படியில் இருக்கிற வெள்ளைக் குஞ்சத்தையும் கயிற்றையும் ஓடிக்கொண்டே பறிக்க வேண்டும். ஒரு மாட்டுக்குப் பதினைந்து நிமிடம். மாடு திருப்பினால் ஆள் தடுப்பைத் தாண்டி எகிறிக் குதித்து அரங்கின் சுவரைப் பிடித்துத் தொங்குவான், சில மாடு தடுப்பையும் தாண்டி வரும். ஜூலை முதல் திங்கட்கிழமை ‘தங்க நாடா’ போட்டி, ஊரே திரண்டுவிடும். நம்ம மஞ்சுவிரட்டு பார்த்தவனுக்கு உடம்பு சிலிர்க்கும், சலங்கைக்குப் பதில் நாடா, அவ்வளவுதான். போஸ்டரில் மாட்டின் பெயர்தான் பெரிசு, பேர் பெற்ற மாடு செத்தால் புதைத்துச் சிலை வைத்த ஊர்களும் அந்தப் பக்கம் உண்டு. 1830-ல் அரேனாவில் வீடுகளை அகற்றிய பிறகு நடந்த முதல் விழாவே மாட்டோட்டம்தான், அல்ஜியர்ஸைப் பிடித்ததைக் கொண்டாட நடத்தினார்கள். அந்தக் காரணத்தைக் கொண்டாட ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.


சிவகங்கைச்சீமை

சிலை வைக்கிறார்களா! அப்ப சரி, போகலாம். வெயிலில் உட்காரத்தானே வேண்டும், அது நமக்குப் பழக்கம்தான்.


நீம்_பக்தன்

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு நாள், அதுவும் கொளுத்துகிற நாள் என்றால் ஆர்லை விட்டுவிட்டு நீம் போங்கள். அரை மணி நேர ரயில் தூரம். காரணம் சொல்கிறேன்.

ஒன்று, நீம் அரேனாவில் மேல் விளிம்பு வரைக்கும் முழுசாக இருக்கிறது, ஆர்லில் அந்த உச்சி அடுக்கு போய்விட்டது. உச்சியில் துளை போட்ட கல் தாங்கிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கம்பம் நட்டுத் துணிப்பந்தல் இழுத்திருக்கிறார்கள். ரோமானியனே வெயிலில் உட்காரவில்லை சாமி! ரெண்டாவது, நீமில் ஃபோந்தேன் தோட்டம் இருக்கிறது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஊற்றைச் சுற்றி அமைத்தது, தண்ணீர், பெரிய பெரிய மரம், மதியம் மூன்று மணிக்கும் உட்காரலாம். ஆர்லில் ஊர் நடுவில் அப்படி ஒரு இடம் காட்டுங்கள் பார்ப்போம். ரோமானியர் காலத்து மேஸோன் காரே கோயில் வேறு, 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இங்கே யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். 2019 ஜூன் கடைசியில் பிரான்சில் முதல்முறையாக வெப்பத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தபோது அதில் இருந்த நாலு மாவட்டங்களில் நீம் இருக்கிற மாவட்டமும் ஒன்று, ஆர்ல் இருக்கிற மாவட்டமும் ஒன்று. 28-ம் தேதி பக்கத்து எரோ மாவட்டத்தில் வெரார்க் என்கிற ஊரில் 46 டிகிரி பதிவானது, பிரான்சின் பெருநிலத்தில் அதுதான் அதிகபட்சம். அப்படிப்பட்ட நாளில் நிலவறையும் வேண்டாம் நீமும் வேண்டாம், பேசாமல் அறையில் படுத்திருங்கள்.


ரோன்கரையான்

நீம் தோட்டத்துக்கு நான் தலை வணங்குகிறேன், அதில் வாதமே இல்லை. பந்தல் தாங்கிக் கல்லும் நல்ல விஷயம். ஆனால் நீம் பெரிய நகரம், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தார்ரோட்டில் நடக்க வேண்டும். ஆர்லின் பழைய ஊர் சின்னது, சந்துகள் குறுகல், எந்த மணிக்கும் ஏதாவது ஒரு பக்கச் சுவர் நிழல் கொடுக்கும். காலையில் எந்தச் சுவரோரம், மாலையில் எந்தச் சுவரோரம் என்று அங்கே இருக்கிற கிழவிகள் நடப்பதைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் ஆர்லின் சாந்-த்ரோஃபிம் சர்ச். அதை வைத்துப் பார்த்தால் நீம் கிட்டவே வராது என்பேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு வாசல் சிற்பம், நடுவில் இறுதித் தீர்ப்பு, வலப்பக்கம் பார்த்தால் பாவிகளை ஒரே சங்கிலியில் கட்டி வரிசையாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வரிசை எனக்கு நாலரை மணி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரியேதான் பட்டது. வாசல் மேற்கு நோக்கியது, காலையில் பார்த்தால் சிற்பத்தில் வெளிச்சம் இருக்காது, மாலையில்தான் முகங்கள் எல்லாம் எழும்பி வரும். உள்ளே போய்ச் சுற்றித் தாழ்வாரம் வைத்த முற்றத்தைப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டு, மேற்கும் தெற்கும் பதினான்காம் நூற்றாண்டு, ரெண்டு கையும் வேறு வேறு என்று தெரியாதவனுக்கும் தெரியும்.


மதுரை_மல்லிகா

வணக்கம். மகன் லியோனில் படிக்கிறான், ஆகஸ்டில் நானும் என் மாமியாரும் போகிறோம். மாமியாருக்கு 71 வயது, முட்டி வலி, சுத்த சைவம். ஆர்லில் ஒரு நாள் என்று பையன் திட்டம் போட்டிருக்கிறான். நீங்கள் எல்லாம் சொல்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கூட்டிப் போகலாமா?


லியோன்_அக்கா

தாராளமாகக் கூட்டிப் போங்க மல்லிகா. ஆனால் அரேனா கோபுரம், நிலவறை ரெண்டையும் விட்டுடுங்க, ரெண்டிலும் படி, நிலவறையில் வழுக்கல் வேற. அத்தையைக் காலையில் நேராக சாந்-த்ரோஃபிம் முன்னாடி இருக்கிற ரெபுப்ளிக் சதுக்கத்துக்குக் கூட்டி வாங்க. நடுவில் ஒரு கல் தூபி நிற்கும், ரோமானியர் காலத்துத் தேர்ப்பந்தயத் திடலில் கிடந்ததை 1676-ல் ராஜாவுக்காகத் தூக்கி நிறுத்தினது. அதைச் சுற்றி இருக்கிற கட்டடங்களைப் பார்த்தாலே பாதி ஊர் பார்த்த மாதிரி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் புகைப்படத் திருவிழா நடக்கும், 1970-லிருந்து வருஷா வருஷம், பழைய சர்ச்சுகளுக்குள்ளேதான் நிறையப் படம் வைப்பாங்க. அதே சதுக்கத்தில் சாந்த்-ஆன் சர்ச் ஒன்று. உயரமான கல் கூரை, நாற்காலி இருக்கும், படம் பிடிக்குதோ இல்லையோ ஒரு மணி நேரம் உட்காரலாம்.

மதியத்துக்கு டாக்சி எடுத்து நீலக் கட்டட அருங்காட்சியகம் போங்க. நடக்க வைக்காதீங்க, ஆற்றோரம் ஒரு மரம் கிடையாது. உள்ளே ரோமானியர் காலத்துச் சரக்குப் படகு ஒன்று, 31 மீட்டர் நீளம், ரோன் ஆற்றுச் சேற்றில் கிடந்ததை 2011-ல் துண்டு துண்டாக எடுத்துப் பதப்படுத்தி அப்படியே கிடத்தி வெச்சிருக்காங்க. படகோட்டி சமைத்த பானையெல்லாம் கூட இருக்கு. எங்க அம்மா அதைப் பார்த்துட்டு, சேறு இத்தனை வருஷம் கட்டையைக் காப்பாத்துமான்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் அழுகலை, அவ்வளவுதான் சூட்சுமம்.

சாப்பாடு. ஆர்லில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் காளை மாட்டுக் கறிக் குழம்பும் கமார்க் அரிசிச் சோறும்தான் இருக்கும், அதனால் ‘சாதம் இருக்கு’ன்னு நம்பி ஆர்டர் பண்ணிடாதீங்க. துளசி போட்ட காய்கறி சூப், தக்காளி கத்தரிக்காய் அடுக்கி வேக வைத்தது எல்லாம் கிடைக்கும், மீனோ நெத்திலியோ போட்டிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, கறுப்பு ஆலிவ் விழுதிலே கூட நெத்திலி சேர்ப்பாங்க. பன்னிரண்டரைக்குள்ளே உட்காரணும், ரெண்டு மணிக்கு அடுப்பை அணைச்சிடுவாங்க, அப்புறம் கெஞ்சினாலும் கிடைக்காது. குழாய்த் தண்ணீர் ஜக்கில் கேட்டால் காசில்லாமல் தரணும், அது சட்டம், கூச்சப்படாமல் கேளுங்க. அத்தைக்குப் பாதாம் சர்பத் இல்லைன்னா புதினா சர்பத் தண்ணியில் கலந்து வாங்கிக் கொடுங்க, எங்க அம்மா ரெண்டு கிளாஸ் குடிச்சாங்க.


பரிஸ்_பெடியன்

அக்கா சொன்னதோட ஒன்று சேர்க்கிறன். தலைசுற்று, வாந்தி, கதை தடுமாறினால் நிழலில் படுக்க வைத்து உடுப்பை நனைத்துவிட்டு 15 அல்லது 112-க்கு அடியுங்கோ, பார்ப்போம் என்று இருக்காதேங்கோ. வயது போனவைக்கு 2003 கோடையில் பிரான்சில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், 15,000 பேரளவில் செத்துப்போனார்கள்.


ஓவியப்பித்து

வயதானவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. உலகத்திலேயே அதிக நாள் வாழ்ந்தவராகப் பதிவாகியிருக்கிற ஜான் கல்மான் இந்த ஊர்க்காரிதான். 1875-ல் பிறந்து 1997 வரைக்கும், 122 வயது. சின்ன வயதில் வான்கோவைக் கடையில் பார்த்ததாகவும் ஆள் பார்க்கச் சகிக்காது என்றும் சொல்லியிருக்கிறார். ஆக இந்த வெயில் எல்லாரையும் கொல்வதில்லை மல்லிகா அம்மா!

மாலைக்கு என் யோசனை: ஆறரை மணிக்கு மேல் ஆலிஸ்கோன், மூடும் நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இடுகாடு, ரெண்டு பக்கமும் கல்சவப்பெட்டி வரிசை, மேலே மரங்கள். வான்கோவும் ஓவியர் கோகனும் 1888 அக்டோபர் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்த இடம், ரெண்டு பேர் படமும் ஒரே இடம் என்று நம்பவே முடியாது. சிள்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கும். அப்புறம் இருட்டினதும் ஆற்றங்கரைச் சுவர்மேல் உட்காருங்கள், லமார்தின் சதுக்கத்துக்கு எதிரே. விண்மீன் இரவு வரைந்தது அந்தக் கரையில்தான்.


மதுரை_மல்லிகா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையனிடம் காட்டினேன். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொல்கிறான். காலையில் ஆர்ல், மதியம் லே போ மலைக்கோட்டை என்று ஒரே நாளில் ரெண்டு.


லியோன்_அக்கா

செவ்வாயா? படகு இருக்கிற அருங்காட்சியகம் செவ்வாய் லீவு! டிக்கெட்டை மாத்தச் சொல்லுங்க. மதியம் லே போ வேண்டவே வேண்டாம், வெட்டவெளிப் பாறை, அத்தை முட்டிக்கு ஆகாது. லே போ இருக்கிற அல்பீய் மலைக்காட்டில் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாளில் நடைபாதையையும் மூடிடுவாங்க, ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தினமும் முந்தின நாள் சாயங்காலம் அறிவிப்பு வரும்.


மதுரை_மல்லிகா

புதன்கிழமைக்கு மாற்றிவிட்டான். லே போ ரத்து. திரும்புகிற ரயில் ராத்திரி எட்டரைக்கு, அதற்கு மேல் மாமியார் தாங்க மாட்டார்.


ரோன்கரையான்

புதன் ரொம்ப நல்லது, எமில் கோம்ப் சாலையில் சந்தை இருக்கும். ஒரு மணிக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் இறங்கியதும் முதலில் அங்கே போங்கள், ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான். பீச், ஆப்ரிகாட், கவாயோன் முலாம்பழம் வாங்குங்கள். முலாம்பழக்காரர் ‘இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா’ என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார், இன்றைக்கு என்றே சொல்லுங்கள், அந்த வெயிலில் நாளைக்கு வரை தாங்காது. வெட்டித் தரக் கேட்டால் தருவார்கள், பையனை ஒரு டப்பா மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.